டாட்சன் 240இசட் காருக்குத் தகட்டில் ஃப்ளேர் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1972 மாடல் டாட்சன் 240இசட். நான்கு சக்கரத்துக்கும் ஃபைபர் ஃப்ளேர் வாங்கி மாட்டாமல், தகட்டிலேயே அடித்து பாடியோடு வெல்டு வைத்தேன். காரைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும், வேலையைத் தொடங்கும் முன் நானே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் கீழே இருக்கின்றன. வேறு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

ஃப்ளேர் என்றால் என்ன? எதற்கு?

சக்கரத்துக்கு மேலே வளைவாக இருக்கும் மட்கார்டு விளிம்பை வெளிப்பக்கம் விரித்துவிடுவதுதான் ஃப்ளேர். அகலமான டயர் போட்டால் அது பாடியைத் தாண்டி வெளியே வரும். அதை மூட வேண்டும். அவ்வளவுதான் காரணம், அழகெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைத் தொடங்கி வைத்தது பந்தயம். 1970இல் நிசான் ஸ்கைலைன் 2000ஜிடி-ஆர் இரண்டு கதவு மாடலின் பின் சக்கரத்துக்கு மேல் தனியாக ஓவர்ஃபெண்டர், அதாவது மேலே மாட்டும் ஃப்ளேர், வைத்து வந்தது. 1971இல் ஜப்பானில் மட்டும் விற்ற ஃபேர்லேடி 240இசட்ஜி (240இசட்டுக்கு அங்கே ஃபேர்லேடி என்று பெயர்) நீளமான மூக்கோடும் நான்கு ஓவர்ஃபெண்டரோடும் கம்பெனியிலிருந்தே இறங்கியது. சாதாரண 240இசட் 1630 மி.மீ. அகலம், இசட்ஜி 1690. பக்கத்துக்கு 30 மி.மீ.தான் கூடியிருக்கிறது, ஆனால் பார்த்தால் வேறு வண்டி மாதிரி இருக்கும். 1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போவும் தனியாகப் பொருத்திய ஃப்ளேரோடு வந்தது. அதே ஆண்டு மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7இல் முன்னால் 6 அங்குல ரிம், பின்னால் 7 அங்குலம். அதற்காகப் பின் மட்கார்டை மட்டும் தகட்டிலேயே அகலமாக்கினார்கள். ஓட்டையும் போல்ட்டும் கண்ணில் படாமல் பாடியிலிருந்தே வழிந்து வந்த மாதிரி இருக்கும் அந்த வகைதான் எனக்குப் பிடிக்கும். நான் செய்ததும் அந்த வகை.

ஃபைபர் கிட் கிடைக்கிறதே, தகடு எதற்கு?

நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு ஃபைபர் போதும். இசட்ஜி மாதிரி ஃப்ளேர் ரெடிமேடாகவே வரும், மலிவு, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். முதலாவது, ஃபைபர் போட்டாலும் உள்ளே இருக்கும் மட்கார்டை வெட்டத்தான் வேண்டும். "வெட்டாமல் ஒட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அவர் அகல டயர் போடப்போவதில்லை என்று அர்த்தம். இரண்டாவது, ஃபைபரைத் தகட்டோடு பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) வைத்து இணைத்துப் பெயிண்ட் அடித்தால், வெயிலில் இரண்டும் வேறு வேறு அளவு விரிந்து, கொஞ்ச நாளில் இணைப்பில் கோடு விழும். ஃபைபரை போல்ட்டில் மாட்டி, நடுவில் ரப்பர் பீடிங் வைப்பதுதான் சரி.

இணைப்பே தெரியக்கூடாது என்று ஆசைப்பட்டால் தகடுதான்.

எவ்வளவு அகலம் விரிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, உங்கள் ரிம்தான் சொல்லும். முதலில் ரிம், டயர் இரண்டையும் வாங்கிவிடுங்கள். படம் பார்த்து ஃப்ளேர் அடித்துவிட்டு அதற்கு ஏற்ற ரிம் தேடுகிறவர்கள், வாசற்படியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு இடம் பார்க்கிறவர்கள் மாதிரிதான்.

கணக்கு சுலபம். புது ரிம் பழைய ரிம்மைவிட எத்தனை மி.மீ. அகலமோ அதில் பாதியை எடுங்கள். அதோடு ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரோடு பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு) எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதைக் கூட்டுங்கள். வருவதுதான் ரிம் வெளியே தள்ளும் அளவு. உதாரணத்துக்கு, இப்போது 6 அங்குல ரிம், ஆஃப்செட் +10. புதிதாகப் போடுவது 8 அங்குலம், ஆஃப்செட் 0. இரண்டு அங்குலம் என்றால் 51 மி.மீ., பாதி சுமார் 25. ஆஃப்செட் குறைந்தது 10. ஆக 35 மி.மீ. வெளியே வரும். அதே கணக்கில் உள்பக்கம் 25இலிருந்து 10 போக 15 மி.மீ. உள்ளே போகும். உள்பக்கத்தை மறக்காதீர்கள், 240இசட்டில் பின்னாலும் ஸ்ட்ரட்தான் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்). டயர் வெளியே மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம், அது உள்ளே ஸ்ட்ரட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு ரிம்முக்கு மட்டும். டயரின் பக்கவாட்டு வயிறு ரிம்மைவிட வெளியே துருத்தும், அதுவும் ஒரே அளவு டயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் டயரை மாட்டி, காற்றடித்து, நேர்ச்சட்டம் வைத்து அளந்துவிடுங்கள்.

இன்னொன்று உயரம். இந்த காருக்கு கம்பெனி கொடுத்த 175 அளவு 14 அங்குல டயர் கிட்டத்தட்ட 64 செ.மீ. விட்டம். 225/50 ஆர்15 போட்டால் 60.6 செ.மீ.தான். டயர் அகலமாகிறது, ஆனால் குட்டையாகிறது. பழைய வளைவின் உயரத்திலேயே ஃப்ளேரை வைத்தால் மேலே பெரிய இடைவெளி விழுந்து, பெரியண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கும். ஃப்ளேர் அடிக்கும்போதே வளைவின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். தனியாகத் தகட்டில் செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான்.

காரை ஜாக்கியில் நிறுத்தி அளந்தால் போதாதா?

போதாது. ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டுங்கள். சக்கரத்தைப் போட்டு, ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் மையம்) கீழே ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் (மேலே போவதைத் தடுக்கும் ரப்பர்) இடிக்கும்வரை மெதுவாகத் தூக்குங்கள். சக்கரம் மேலே ஏறும்போது நேராக ஏறாது, கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வு ஃப்ளேருக்குள் எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் உங்களுக்குத் தேவையான அளவு. முன்னால் என்றால் ஸ்டீயரிங்கை இடக்கோடி வலக்கோடி திருப்பி, ஒவ்வொரு உயரத்திலும் பார்க்க வேண்டும். டயர் எங்கும் தொடாமல் 12 முதல் 15 மி.மீ. இடம் விடுகிறேன் நான். முன் சக்கரம் திரும்பும்போது முதலில் தொடுவது மேலே இல்லை, மட்கார்டின் முன் கீழ் மூலையிலும் பின் கீழ் மூலையிலும்தான். பலரும் வளைவின் உச்சியை மட்டும் விரித்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது "கிர்ர்" என்று சத்தம் கேட்டு மறுபடி கிரைண்டரை எடுப்பார்கள்.

என்ன தகடு? எத்தனை கேஜ்?

20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), அதாவது 0.9 மி.மீ. கனம். பழைய பாடித் தகடும் ஏறக்குறைய அந்தக் கனம்தான் என்பதால் வெல்டு வைக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி சூடேறும். 18 கேஜ் எடுத்தால் உறுதி, ஆனால் கையால் அடித்து வளைப்பதற்குள் தோள்பட்டை போய்விடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் எரியும் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். அலுமினியம் மெத்தென்று வளையும், ஆனால் இரும்பு பாடியோடு வெல்டு பிடிக்காது.

வடிவத்தை எப்படிக் கொண்டுவருவது?

6 மி.மீ. கம்பியில் தொடங்குங்கள். சக்கரத்தை மாட்டி, ஓட்டும் உயரத்தில் காரை நிறுத்தி, ஃப்ளேரின் விளிம்பு எங்கே வரவேண்டுமோ அங்கே கம்பியை வளைத்துப் பிடியுங்கள். மட்கார்டிலிருந்து சின்னச் சின்னக் குச்சி மாதிரி கம்பித்துண்டுகளை டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து அந்த வளைவை அந்தரத்தில் நிறுத்துங்கள். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொரு தடவை பாருங்கள். இந்தக் கட்டத்தில் மாற்றுவதற்குச் செலவு இல்லை. நான் பின் இடது பக்கக் கம்பியை மூன்று நாள் மாற்றி மாற்றி வளைத்தேன். மூன்றாவது நாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் வளைவின் உச்சி சக்கரத்தின் மையத்துக்கு நேரே இல்லாமல் ஒரு விரல் பின்னால் தள்ளி இருப்பது தெரிந்தது.

கம்பி சரியானதும் மட்கார்டுக்கும் கம்பிக்கும் நடுவே கனமான காகிதத்தை வைத்துப் பாருங்கள். காகிதம் சுருங்கி மடிப்பு விழும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். காகிதம் கிழியப் பார்க்கும் இடத்தில் தகட்டை நீட்ட வேண்டும். இதைக் காகிதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ளேரை ஒரே தகட்டில் செய்ய முயல வேண்டாம். மூன்று துண்டு போதும்: முன், உச்சி, பின்.

இனி அடிப்பது. ஃப்ளேரில் இரண்டு வகை வளைவு இருக்கிறது. வெளியே புடைத்து நிற்கும் பகுதி குடத்தின் வயிறு மாதிரி. அங்கே தகட்டின் நடுப்பகுதி நீள வேண்டும், அதனால் மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் நடுவில் அடிக்க வேண்டும். மட்கார்டோடு சேரும் பகுதி குதிரைச் சேணம் மாதிரி, ஒரு பக்கம் மேலே வளைந்து மறுபக்கம் கீழே வளையும். அங்கே விளிம்புதான் நீள வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் எல்லா இடத்திலும் நடுவில் அடித்தால் தகடு சோறு வடிக்கும் தட்டு மாதிரி ஆகிவிடும், பாடியோடு சேரவே சேராது. என் முதல் துண்டு அப்படித்தான் ஆனது. அது இப்போது நட்டு போல்ட்டு போட்டு வைக்கும் கிண்ணம்.

இங்கிலீஷ் வீல் வேண்டுமா?

இரண்டு உருளைக்கு நடுவே தகட்டை ஓட்டி வளைக்கும் இயந்திரம் அது. இருந்தால் நல்லது. இல்லாமலும் முடியும். மணல் மூட்டை, மரச் சுத்தியல், வழவழப்பான முகம் கொண்ட டிங்கரிங் சுத்தியல், மூன்று நான்கு டாலி (தகட்டின் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) போதும். விளிம்பைச் சுருக்கவும் நீட்டவும் கையால் இயக்கும் ஷ்ரிங்கர்-ஸ்ட்ரெச்சர் ஒன்று இருந்தால் வேலை பாதியாகும். காசு செலவழிக்க ஒரே ஒரு கருவி என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

விளிம்பை உள்ளே மடிக்கும்போது விரிசல் விடுகிறதே?

வளைவான ஓட்டையின் விளிம்பை உள்ளே மடித்தால் தகடு நீள வேண்டியிருக்கும். ஒரே மூச்சில் 90 டிகிரிக்கு மடித்தால் கிழியத்தான் செய்யும். முழு வளைவையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு சுற்றில் மடியுங்கள். மடிப்பு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெட்டிய விளிம்பில் கிரைண்டர் விட்ட கீறல் இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும், அதனால் முதலில் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சிலர் மாதிரிக்கு வைத்த கம்பியையே விளிம்பில் நிரந்தரமாக வெல்டு வைத்துவிடுவார்கள். உறுதியாக இருக்கும். ஆனால் கம்பியைச் சுற்றித் தகட்டை மடித்தால் உள்ளே ஈரம் தங்கும்.

பின் சக்கரத்தில் வெளித்தகட்டை மட்டும் வெட்டினால் போதுமா?

இந்த வேலையில் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். முன் மட்கார்டு போல்ட்டில் மாட்டியது, கழற்றி மேசையில் வைத்தே வேலை பார்க்கலாம். பின்பக்கம் அப்படியில்லை. 240இசட்டுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பும். பின் குவார்ட்டரின் (கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டுப் பகுதி) வெளித்தகடும் உள்ளே இருக்கும் சக்கரக் கூடும் வளைவின் விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டால் சேர்ந்திருக்கின்றன. விளிம்பை வெட்டி எடுத்தால் அந்தத் தையலையே பிரித்துவிடுகிறீர்கள். நடுவில் ஒரு வாய் திறக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஃப்ளேரைப் போட்டால், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் சேறும் நேராகக் குவார்ட்டருக்குள் போய் உட்காரும். பாடியின் விறைப்பும் குறையும்.

நான் செய்த முறை இது. முதலில் வெளித்தகட்டை மட்டும் வேண்டிய உயரத்துக்கு வெட்டினேன். உள்கூட்டைத் தொடவில்லை. பிறகு உள்கூட்டின் தொங்கும் பகுதியை 25 மி.மீ.க்கு ஒரு வெட்டாக, மேல்நோக்கிக் கீறினேன். சீப்பின் பல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பல்லையும் சுத்தியலால் தட்டி வெளியே மடித்து, புது ஃப்ளேரின் உள்பக்கத்தில் படும்படி உட்கார வைத்தேன். எட்டாத இடத்தில் துண்டுத் தகடு சேர்த்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் முக்கோண இடைவெளி ஒவ்வொன்றையும் வெல்டால் மூட வேண்டும். சலிப்பான வேலை. பக்கத்துக்கு இரண்டு நாள் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே போனது. முடித்ததும் இருட்டில் உள்ளே டார்ச் வைத்து, வெளியே எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். ஏழு இடத்தில் கசிந்தது.

வலது பக்கத்தில் இன்னொரு தலைவலி உண்டு. பெட்ரோல் ஊற்றும் வாய் அந்தக் குவார்ட்டரில்தான் இருக்கிறது. ஹோஸ் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் அங்கே கிரைண்டரை வைக்காதீர்கள்.

மிக் வெல்டா, டிக் வெல்டா?

மிக்கில் வயர் துப்பாக்கியிலிருந்தே தானாக வரும், டிக்கில் கம்பியைக் கையால் கொடுக்க வேண்டும். டிக் கைவந்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். டிக் வெல்டு மெத்தென்று இருக்கும், பிறகு சுத்தியலும் டாலியும் வைத்து அடித்துச் சமன் செய்யலாம். மிக் வெல்டு கடினம், அடித்தால் அவ்வளவாக நீளாது, கிரைண்டரில்தான் எடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது மிக். 0.6 மி.மீ. வயர் போட்டு அதிலேயே முடித்தேன்.

எதில் வைத்தாலும் எதிரி சூடுதான். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்துத் தகட்டையும் இழுக்கும். ஒரு புள்ளி இங்கே வைத்தால் அடுத்தது ஒரு சாண் தள்ளி, அதற்கடுத்தது மறுகோடியில். தொட்டால் கை சுடாத அளவு ஆறிய பிறகுதான் நடுவில் நிரப்ப வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவசரத்தில், பின் குவார்ட்டரில் நாலு அங்குலத்தை ஒரே இழுப்பில் ஓட்டிவிட்டேன். ஆறியதும் விரலால் அழுத்தினால் "டொப்" என்று உள்ளே போய், விட்டால் "டொப்" என்று வெளியே வந்தது, எண்ணெய் டின் மூடி மாதிரி. அதை நிமிர்த்த ஒரு வாரம் ஆயிற்று. சுருங்கிய வெல்டை டாலிமேல் வைத்து மெல்ல மெல்ல அடித்து நீட்டுவதுதான் மருந்து, புடைத்த இடத்தில் அடிப்பது இல்லை.

இணைப்பைச் சமதளத்தின் நடுவில் வைக்காதீர்கள். வளைவு உள்ள இடத்தில் வைத்தால் தகடு தானே தன்னைத் தாங்கிக்கொள்ளும். பின்னால் டாலியோடு கை போகும் இடமாகவும் இருக்கட்டும்.

வெல்டுக்கு முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

பேட்டரி வயர். பெட்ரோல் டேங்க், பின்னால் வேலை என்றால் கட்டாயம். கார்ப்பெட், கதவு ரப்பர், உள் அலங்காரம் எல்லாம். தரையில் ஒட்டியிருக்கும் தார்ஷீட்டும் அடியில் அடித்திருக்கும் அண்டர்கோட்டும் தீப்பிடிக்கும், சுரண்டி எடுங்கள். பக்கத்தில் தண்ணீர் வாளியும் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: தகட்டைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் கலந்த வகை வெல்டு சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். முதல் உலகப்போரில் ஆளைக் கொல்ல விட்ட வாயு அது. அசிட்டோனில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெல்டு வையுங்கள்.

பட்டி எவ்வளவு போடலாம்?

3 மி.மீ.க்குள். அதற்குமேல் தேவைப்பட்டால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள். எபாக்ஸி பிரைமர் அடித்து அதன்மேல் பட்டி போடுவது என் வழக்கம், ஏனென்றால் பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருமா?

கார் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் வரும். ஐம்பது வருஷ வண்டி இருக்காது. எங்காவது இடித்து நிமிர்த்தியிருப்பார்கள். தரையில் தூக்குக்குண்டு விட்டு காரின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். என் காரில் பின்பக்கம் 6 மி.மீ. வித்தியாசம் இருந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் அதன் குறுக்கு வடிவத்தை அட்டையில் நாலைந்து இடத்தில் வெட்டி எடுத்து, திருப்பி மறுபக்கம் வைத்துச் செய்தேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை, பின்னால் வருகிறவரைத் தவிர. அதனால் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்துக்குச் சரியாக வையுங்கள்.

துரு?

இந்தக் காரைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கீழ்மூலையும், முன் மட்கார்டு கதவுக்கு முன்னால் தரைப்பக்கம் இறங்கும் கீழ்ப்பகுதியும் சேறு தங்கி அரித்துப்போகும். ஃப்ளேர் அடிக்கும் முன் அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள். அரித்த தகட்டில் வெல்டு பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். வேலை முடிந்ததும் வெல்டுகளின்மேல் உள்பக்கம் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை), அதன்மேல் பெயிண்ட், கடைசியாகக் குவார்ட்டருக்குள் நீளக் குழாய் விட்டு கேவிட்டி மெழுகு (உள்ளறையில் துரு பிடிக்காமல் அடிக்கும் மெழுகு). பெயிண்ட் அடுப்பில் வைப்பதாக இருந்தால் மெழுகு அதற்குப் பிறகுதான்.

காரின் மதிப்பு குறையுமா?

அசல் நிலையில் இருக்கும் ஆரம்ப கால 240இசட் என்றால் நிச்சயம் குறையும். 2020 ஜனவரியில் மாற்றமே செய்யாத 1971 மாடல் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அந்த மாதிரி வண்டி கையில் இருந்தால் கிரைண்டரைக் கீழே வையுங்கள். என்னுடையது ஏற்கெனவே அரித்து, இரண்டு தடவை நிறம் மாறி, இன்ஜின் இல்லாமல் வந்த கூடு. அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

இந்தியாவில் இப்படிச் செய்யலாமா?

ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் கவனம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அகலம் கூடுவதும் அசல் விவரம் மாறுவதுதான். வெட்டிய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதைவிட வெட்டும் முன் போய்க் கேட்பது நல்லது.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

எனக்கு வாரக்கடைசிகளில் மட்டும் பார்த்து ஏழு மாதம். முதல் ஃப்ளேருக்கு இரண்டரை மாதம், நான்காவதற்கு மூன்று வாரம். அதனால் முதலில் முன் மட்கார்டில் தொடங்குங்கள். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகும் டயர் உரசுகிறது. என்ன செய்வது?

எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஃப்ளேரின் உள்விளிம்பில் சாக்பீஸ் பொடியைத் தடவிவிட்டு, பின் சீட் இல்லாத இந்தக் காரின் பின்பக்கத்தில் இரண்டு அரிசி மூட்டை ஏற்றி, வேகத்தடை உள்ள தெருவில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பொடி அழிந்த இடத்தை மட்டும், டயருக்கு எதிர்ப்பக்கமாக, டாலி வைத்து மடிப்பை இன்னும் மேலே அழுத்திவிட்டால் பெரும்பாலும் 4, 5 மி.மீ. கிடைத்துவிடும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இந்தச் சுற்றைப் போய் வந்துவிடுங்கள்.